சிப்பாய்க்குக் கட்டபொம்மன் டிரெஸ் போதுமா? போர்க்களத்து ஜிகினா உடைகள் பற்றி ஒரு இழை

கோட்டைவாசல்:
எல்லோருக்கும் வணக்கம். ஜூலை 10-ஐ ஒட்டி என் பையன் பள்ளியில் மாறுவேடப் போட்டி. மூன்றாம் வகுப்பு. குலுக்கல் சீட்டில் அவனுக்கு வந்தது 'வேலூர்க் கலகச் சிப்பாய்', அதாவது 1806-இல் வேலூர்க் கோட்டையில் வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து எழுந்த அதன் இந்தியச் சிப்பாய். சரி, நம்ம ஊர்ச் சமாசாரம்தானே என்று லாங்கு பஜார் பக்கம் வாடகை டிரெஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "கட்டபொம்மன் செட் இருக்கு சார், அதையே போட்டுக்கங்க. ரெண்டு பேரும் வெள்ளைக்காரனை எதிர்த்தவங்கதானே" என்று ஒரு பையை எடுத்து வைத்துவிட்டார். உள்ளே ஜிகினா அங்கி, பிளாஸ்டிக் முத்துமாலை நாலு, ஒட்டு மீசை. வாடகை 350, அட்வான்ஸ் 500.

வீட்டில் போட்டுப் பார்த்தான். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "ஏம்ப்பா, இதைப் போட்டுக்கிட்டு சண்டைக்குப் போனா மினுமினுன்னு தெரியுமே, சுட்டுட மாட்டாங்களா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆக இரண்டு கேள்வி. சிப்பாய் நிஜமாக என்ன போட்டிருந்தான்? உயிர் போகிற இடத்துக்குப் போகிறவர்கள் ஏன் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு போனார்கள்?

ஆற்காட்டான்:
முதல் கேள்விக்கு நான். கட்டபொம்மன் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைச் சிப்பாய் மேலே சிவப்புக் கம்பளிக் கோட்டு போட்டிருப்பான். மார்பில் குறுக்கே தோல்வார். இடுப்புக்குக் கீழே பார்த்தால் தொடையோடு நின்றுபோகிற வெள்ளை அரைக்கால் சட்டை, வெறுங்கால், செருப்பு. மேல்பாதி லண்டன், கீழ்பாதி நம்ம ஊர். தலையில் பாகை. காதில் கடுக்கன், நெற்றியில் நாமமோ விபூதியோ, முஸ்லிம் என்றால் தாடி, எல்லோருக்கும் மீசை. அந்த முகத்தோடுதான் அவன் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்க் கம்பெனிக்காகச் சண்டை போட்டான்.

1805 நவம்பரில் தளபதி ஜான் கிரடாக் புதுத் தலைப்பாகைக்கு உத்தரவு போட்டார். பார்த்தால் தொப்பி மாதிரி இருக்கும், முன்னால் தோலில் செய்த சின்னம். அதோடு நிற்கவில்லை. அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை அளவாக வெட்ட வேண்டும். அந்தக் காலத்தில் 'தொப்பிக்காரன்' என்றாலே வெள்ளைக்காரன்தான். தொப்பி போட்டவன் மதம் மாறிவிட்டான் என்றுதான் ஊரில் பேசுவார்கள், சொந்தக்காரன் பெண் கொடுக்க மாட்டான். 1806 மே மாதம் வேலூரிலேயே ஒரு பட்டாளம் பாகையை வாங்க மறுத்தது. ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து வேலையை விட்டு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து ஜூலை 10, விடிவதற்கு முன்னால் துப்பாக்கி வெடித்தது.

உங்கள் பையனுக்கு வேண்டியது சிவப்புக் கோட்டு, அரைக்கால் சட்டை, கடுக்கன், நாமம். ஜிகினா வேண்டாம்.

காட்பாடி_ஜங்ஷன்:
இரண்டாவது கேள்விக்கு: புகை.

தீபாவளிக்கு நம்ம தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் சரவெடி கொளுத்தினால் எதிர்வீடு தெரியுமா? பழைய துப்பாக்கியில் போட்டது கருமருந்து, அதிலும் புகை அப்படித்தான். ஆயிரம் பேர் வரிசையாக நின்று இரண்டு தடவை சுட்டால் களம் முழுக்க வெள்ளைப் புகை. அதில் யார் நம்ம ஆள், யார் எதிரி? தளபதி குதிரைமேல் இருந்து பார்க்கும்போது தன் படை எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமே. அதற்குத்தான் சிவப்பு, நீலம், உயரமான தொப்பி, இறகு. குழாய்க்குள் வரி இல்லாத அந்தத் துப்பாக்கி நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு ஆளைக் குறிபார்த்து அடிக்கிற ஜாதியும் இல்லை. ஒளிந்துகொள்வதில் பெரிய லாபம் கிடையாது.

1884-இல் பிரான்சில் புகையில்லாத வெடிமருந்து வந்தது. தூரத்தில் குறிபார்க்கும் துப்பாக்கியும் பரவிவிட்டது. அதன்பின் பளபள கோட்டு தற்கொலை. காக்கி அதற்கும் முந்தியது. 1840-களில் பெஷாவர் பக்கம் ஹாரி லம்ஸ்டன் தன் படைக்கு மண்நிறத் துணி கொடுத்தார். 'காக்' என்றால் புழுதி. நம்ம ஊர் போலீஸ்காரர் மே மாதத்தில் போட்டுக்கொண்டு வேர்க்கிறாரே, அது அங்கிருந்து வந்தது.

குடியாத்தம்_தறி:
சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக லுங்கித் தறி. சாயம் பார்த்துப் பழகிய கண்.

சாதாரணச் சிப்பாயின் சிவப்பு நம்ம மஞ்சிட்டி இனத்து வேரில் எடுத்த சாயம். படிகாரம் போட்டு ஏற்றுவார்கள். விலை குறைவு. அதிகாரிக்குப் பூச்சியிலிருந்து எடுத்த சாயம், அது கண்ணைப் பறிக்கிற சிவப்பு. வேர்ச் சிவப்பு வெயிலிலும் மழையிலும் ஆறு மாதம் கிடந்தால் செங்கல் பொடி நிறத்துக்கு வந்துவிடும். ஆகவே சினிமாவில் காட்டுகிற மாதிரி ஆயிரம் பேரும் தக்காளி மாதிரி இருந்திருக்க மாட்டார்கள். அதிகாரி மட்டும் தனியாகத் தெரிவான். எதிரிக்கும்தான்.

இதைவிடப் பெரிய கூத்து முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் பிரான்சில் நடந்தது. மற்ற பெரிய நாட்டுப் படைகள் பெரும்பாலும் மங்கிய நிறத்துக்கு மாறியாயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் சிவப்புக் கால்சட்டையை விட மாட்டோம் என்று பிடிவாதம். சிவப்புக் கால்சட்டைதான் பிரான்ஸ் என்று முன்னாள் போர் அமைச்சர் ஒருவர் சபையில் முழங்கினார். அந்தச் சிவப்புக்குச் சாயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜெர்மனி! வேர்ச்சாயத் தொழிலை ஜெர்மன்காரனின் செயற்கை அலிசரின் எப்போதோ கொன்றுவிட்டது. சண்டை ஆரம்பித்ததும் எதிரியே சாயத்தை நிறுத்திவிட்டான். அப்புறம்தான் வெளிர்நீலத்துக்கு முழுசாக மாறினார்கள். ஆனால் அதற்குள் ஆகஸ்ட் 22 வந்துவிட்டது. அந்த ஒரே நாளில் செத்த பிரெஞ்சு வீரர்கள் சுமார் 27,000 பேர். கால்சட்டை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். எந்திரத் துப்பாக்கிக்கு நேராக ஓடினால் எந்த நிறம் போட்டாலும் ஒன்றுதான்.

கூத்துப்பித்தன்:
இவ்வளவு தூரம் போவானேன்? செய்யாற்றுப் பக்கம் பாரதக் கூத்து பார்த்த எவனும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான்.

என் தாத்தா கட்டை வேஷக்காரர். கட்டை என்றால் கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் காகிதமும் ஒட்டிய அணி. தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, நெஞ்சுக்குப் பதக்கம். சாயங்காலம் ஏழு மணிக்குக் கொட்டகைக்குள் உட்கார்ந்தால் முகத்துக்கு அரிதாரம் பூசி முடிக்கவே ஒரு மணி நேரம். அப்புறம் இன்னொரு ஆள் பின்னால் நின்று காலால் முட்டுக் கொடுத்துக் கயிற்றை இழுத்துக் கட்டுவார். மூச்சு விட முடியாது. மரம் லேசுதான், ஆனால் விடியும்வரை ஆடிவிட்டு அவிழ்த்தால் தாத்தாவின் தோளில் சாட்டையால் அடித்த மாதிரி கயிற்றுத் தடம் இருக்கும். அதில் பாட்டி விளக்கெண்ணெய் தடவுவாள்.

இதைக் கட்டிக்கொண்டுதான் துரியோதனன் பதினெட்டாம் போருக்குப் போகிறான். திரைக்கு மேலே கிரீடத்தின் முனை மட்டும் ஆடும். ஆர்மோனியப் பெட்டி, மத்தளம் ஏறும். முன்வரிசைப் பிள்ளைகள் அப்போதே அம்மா மடிக்குள் போய்விடும். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை, ஒரு வசனம் பேசவில்லை, பாதி சண்டை முடிந்தது.

கரந்தை:
கூத்துப்பித்தன் சொன்னதற்கு மேலே ஒரு படி. நம்ம பழைய ஆட்கள் போருக்குப் போகும்போது தலையில் பூ வைத்துக்கொண்டு போனார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆம்பளை பூ வைப்பானா சார் என்பார்கள்.

மாடு கவரப் போகிறவன் வெட்சி, மீட்கப் போகிறவன் கரந்தை. மண்ணுக்காகப் படையெடுத்தால் வஞ்சி. மதிலை முற்றுகையிட்டால் உழிஞை, உள்ளே இருந்து காத்தால் நொச்சி. நேருக்கு நேர் மோதினால் தும்பை, ஜெயித்தால் வாகை. இன்றைக்கு ராணுவத்தில் தோள்பட்டையில் இருக்கிற அடையாளம் அன்றைக்குத் தலையில் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலே வந்திருக்கிறவன் என்ன வேலையாக வந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

இதற்கு மேல் அரசனுக்கு ஒரு பூ. சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. சோழர் குடியிலேயே நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது புலவர் கோவூர் கிழார் நடுவில் போய் நின்றுகொண்டு, எதிரே நிற்பவன் பனந்தோடு சூடியவனும் இல்லை, வேம்பு சூடியவனும் இல்லை, உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி, இதில் யார் தோற்றாலும் உங்கள் குடிதானே தோற்கிறது என்று கேட்டார். சண்டையை நிறுத்தச் சீருடையைக் காட்டிப் பேசிய ஆள் எனக்குத் தெரிந்து அவர்தான்.

செங்கம் பக்கம் நடுகற்கள் ஏராளம், பழைய வடாற்காடுதான். மாடு மீட்கப் போய்ச் செத்தவர்கள். கல்லில் அவன் அள்ளிமுடிந்த கொண்டை, இடுப்பில் இறுக்கிய துணி, கையில் வில், உடம்பில் தைத்த அம்பு எல்லாம் தெரியும். பூ மட்டும் வாடிப்போயிற்று.

தோல்ஷாப்:
ஆம்பூர். இருபத்தாறு வருடமாகத் தோல் தரம் பிரிக்கிற வேலை. ஆற்காட்டான் சார் தோல் சின்னம் என்று ஒரு வரியில் தாண்டிவிட்டார். என்னால் தாண்ட முடியவில்லை.

அந்தத் தோல் மாடா, பன்றியா என்பதுதானே பட்டாளத்தில் கிளம்பிய பேச்சு. மாடு என்றால் இந்துவுக்கு ஆகாது, பன்றி என்றால் முஸ்லிமுக்கு ஆகாது. என் மேஜைக்கு ஒரு துண்டு வந்தால் லென்ஸ் வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். மயிர்க்கண் பார்க்க வேண்டும். மாட்டுத் தோலில் பொடிப்பொடியாக ஒரே சீராகப் பரவியிருக்கும். ஆட்டுத் தோலில் வரிவரியாகப் பிறை வளைவில் ஓடும். பன்றித் தோலில் மூன்று மூன்று புள்ளியாக, அடுப்புக்கு வைத்த மூன்று கல் மாதிரி. அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

ஆனால் மேலே கறுப்புச் சாயமும் பாலிஷும் கனமாக ஏற்றிவிட்டால் இந்த அடையாளம் எல்லாம் மூடிப்போகும். ஓரத்தை வெட்டிப் பார்த்தால்தான் உண்டு. பட்டாளத்துச் சொத்தைச் சிப்பாய் வெட்டிப் பார்க்க முடியுமா? கொடுக்கிறவன் இன்ன தோல் என்று வாய் திறந்து சொல்லவும் இல்லை. அப்புறம் வதந்தி வராமல் என்ன செய்யும்?

இன்னொன்று. சிப்பாயின் மார்பில் தோல்வார் இருந்தது. தோட்டாப் பை தோல். காலில் செருப்பு. அதற்கெல்லாம் யாரும் சண்டைக்குப் போகவில்லை. அதே சரக்கைத் தலையில் ஏற்றியபோதுதான் தீப்பிடித்தது. நாள் முழுக்கத் தோலில் கை வைத்துச் சோறு தின்கிற எங்கள் ஷாப்பிலேயே, புதுச்செருப்பாக இருந்தாலும் எடுத்துத் தலையில் வைத்துப் பார் என்று ஒருவனிடம் விளையாட்டுக்குச் சொல்லிப் பாருங்கள்.

சும்மா_ஒரு_சந்தேகம்:
எல்லாம் சரி, ஒரு தொப்பிக்காகவா அத்தனை பேர் செத்தார்கள்? வேலூர்க் கோட்டைக்குள்ளே மைசூர் திப்பு சுல்தானின் பிள்ளைகள் கம்பெனியின் காவலில் இருந்தார்கள். முந்தின நாள்தான் திப்புவின் மகளுக்குக் கல்யாணம், கூட்டம் உள்ளே வரச் சாக்கு. கோட்டையில் திப்புவின் புலிவரிக் கொடி ஏற்றினார்கள். இது ஆட்சியைப் பிடிக்கிற வேலை. தொப்பி ஒரு சாக்குதான்.

ஆற்காட்டான்:
நண்பரே, இதையேதான் அன்றைக்குக் கம்பெனிக்குள்ளும் அடித்துக்கொண்டார்கள். தளபதி பக்கம் திப்பு குடும்பத்தின் சதி என்றது, கவர்னர் பென்டிங்க் பக்கம் தளபதியின் பாகை என்றது. கடைசியில் இரண்டு பேரையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. பாகை உத்தரவையும் அந்த ஜூலை மாதமே ரத்து செய்தார்கள். சாக்குதான் என்றால் அதை எதற்கு அவ்வளவு அவசரமாகத் திரும்பப் பெற வேண்டும்? திப்புவின் பிள்ளைகள் அங்கே பல வருடமாக இருந்தவர்கள்தானே. சம்பளக் குறை, இனத் திமிர் எல்லாம் இருந்தது. ஆனால் அதெல்லாம் உள்ளே புழுங்குகிற விஷயம். பாகையைத் தினமும் காலையில் எடுத்துத் தலையில் வைக்க வேண்டும், தெருவில் நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும்.

சும்மா_ஒரு_சந்தேகம்:
பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஆதாரத்தோடு வருகிறேன்.

மட்டுறுத்துநர்:
இடையில் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யார் எந்தத் தோலைத் தொடலாம் என்ற பேச்சு இங்கே வேண்டாம். உடைக்குத் திரும்புங்கள்.

பேட்டை_ஹவில்தார்:
கம்மவான்பேட்டைக்காரன். ராணுவப்பேட்டை என்றால்தான் பஸ் கண்டக்டருக்கே தெரியும். மதராஸ் ரெஜிமெண்டில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவன். புத்தகம் அதிகம் படித்ததில்லை, போட்ட உடையைப் பற்றிச் சொல்கிறேன்.

விசித்திர உடை என்றால் நான் போட்டதிலேயே பனிமலையில் போட்டதுதான். உள்ளே ஒன்று, அதற்கு மேல் ஒன்று, அதற்கு மேல் இறகு அடைத்த கோட்டு, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை. பூட்ஸ் ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். முதல் நாள் கண்ணாடியில் பார்த்தபோது மயானக் கொள்ளைக்கு வேஷம் கட்டிய மாதிரி இருந்தது. ஆனால் கையுறையைக் கழற்றி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அங்கே ஒவ்வொரு துணிக்கும் காரணம் உண்டு. அழகுக்கு ஒன்றும் கிடையாது.

ஒன்றே ஒன்று தவிர. என் அம்மா மசூதித் தெருவில் ஓதி வாங்கிய தாயத்தும், மாரியம்மன் கோயில் மஞ்சள் கயிறும் சேர்த்து ஒரே முடிச்சாகக் கையில் கட்டி அனுப்பினார். அத்தனை துணிக்கும் அடியில் அது இருந்தது. சோதனையில் மேலதிகாரி பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஜான் கிரடாக்குக்கு அந்த அறிவு இல்லை.

காட்பாடி_ஜங்ஷன்:
ஹவில்தார் ஐயா, வணக்கம். தாயத்துக்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர்கள் உண்டு. 1890-இல் அமெரிக்காவில் லக்கோட்டா பழங்குடி மக்கள் 'ஆவிச் சட்டை' போட்டிருந்தார்கள், குண்டு துளைக்காது என்று நம்பிக்கை. அந்த டிசம்பர் 29-ஆம் தேதி வூண்டட் நீயில் ராணுவம் சுட்டது. சட்டை காப்பாற்றவில்லை. லைபீரியா உள்நாட்டுச் சண்டையில் பையன்கள் கல்யாண கவுனும் பெண்கள் விக்கும் போட்டுக்கொண்டு துப்பாக்கி தூக்கினார்கள். குண்டுக்கு ஆள் அடையாளம் குழம்பிவிடும் என்ற நினைப்பு. முகத்தைப் பார்த்தால் பத்தாம் வகுப்புகூடத் தாண்டாத வயசு. போட்டோவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

சிரிக்கக்கூடியதும் இருக்கிறது. 500 வருடத்துக்கு முன் ஜெர்மன் கூலிப்படை ஆட்கள், லான்ஸ்க்னெக்ட் என்று பேர். மேல்துணியைக் கத்தியால் கீறிக் கீறி உள்ளே இருக்கிற வேறு நிறத் துணியைப் பிதுக்கி வெளியே விடுவார்கள். ஒரு காலுக்கு மஞ்சள், ஒரு காலுக்குச் சிவப்பு. யார் என்ன உடுத்தலாம் என்று சட்டம் இருந்த காலம் அது. சீக்கிரம் சாகப்போகிறவர்கள், போட்டுவிட்டுப் போகட்டும் என்று பேரரசர் மாக்சிமிலியன் விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். போலந்துக் குதிரைப்படை முதுகில் மரச்சட்டம் கட்டி இறகு செருகிச் சிறுத்தைத் தோல் போர்த்திக்கொண்டது. 1683-இல் துருக்கியர் முற்றுகையிலிருந்து வியன்னாவை மீட்ட சண்டையில் முன்னின்று பாய்ந்தது அந்தப் படை. அந்த இறகைச் சண்டையிலும் கட்டினார்களா, ஊர்வலத்தில் மட்டுமா என்று வரலாற்றுக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கூத்துப்பித்தன் தாத்தாவை அங்கே நிறுத்தியிருந்தால் அவர்களே வழி விட்டிருப்பார்கள்.

ஆற்காட்டான்:
எங்கள் ஊர் யானையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1751 ஆற்காடு முற்றுகையில் நெற்றியில் இரும்புத் தகடு கட்டி யானைகளைக் கதவை இடிக்க விட்டார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் யானை திரும்பி ஓடித் தன் ஆட்களையே மிதித்தது. யாருக்கு என்ன கட்டிவிட்டாலும் உள்ளே இருப்பது அதுதானே.

இழை கீழே போவதற்குள் ஒன்று. ஜூலை 10 காலையில் ஆற்காட்டிலிருந்து வெள்ளை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வேலூர்க் கோட்டைக்குப் பாய்ந்து வந்தார். இன்றைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வருகிற தூரம். உள்ளே போக வழி இல்லை. மதில்மேல் உயிரோடு மிச்சம் இருந்த சில வெள்ளைச் சிப்பாய்கள் ஒரு கயிறும், ஒரு சார்ஜெண்டின் இடுப்புக் கச்சையும் இறக்கினார்கள். அலங்காரத்துக்குக் கட்டுகிற கச்சை. அதைப் பிடித்து ஏறித்தான் அந்த ஆள் கோட்டையைத் திரும்பப் பிடித்தார். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு பேரளவில் வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள். கோட்டைக்குள் நடக்கும்போது எனக்குப் பாகையைவிட அந்தக் கச்சைதான் அதிகம் ஞாபகம் வரும்.

கோட்டைவாசல்:
தகவல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போட்டி நேற்று முடிந்தது.

சிவப்புக் கோட்டு எங்கே கிடைத்தது தெரியுமா? கல்யாண பேண்டு செட்டில். தோளில் ஜரிகைக் குஞ்சம், பித்தளைப் பொத்தான், அச்சு அசல் கம்பெனிக் கோட்டு. ட்ரம்பெட் வாசிக்கிற அண்ணன் ஒருவர் பழசு ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். தெருமுனை டெய்லர் பாதியாக வெட்டிக் குறுக்கினார். கீழே வெள்ளை அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. மனைவி நாமம் போட்டுவிட்டாள். தலையில் என் பழைய வேட்டியில் பாகை. காதுக்கு அழுத்துக் கம்மல்.

கேட்டில் நின்ற டீச்சர், "இன்னாடா, பேண்டு செட்டா?" என்று கேட்டார். முதல் பரிசு ஜான்சிராணிக்கு. இரண்டாவது, நான் திருப்பிக் கொடுத்த அதே கட்டபொம்மன் செட்டுக்கு. போட்டிருந்தது இவன் வகுப்புப் பையன்தான்.

எங்கள் ஆள் மேடை ஏறுவதற்கு முன்பே கம்மலைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு விட்டான். "யாருடா கழற்றச் சொன்னது?" என்று கேட்டேன். "யாரும் சொல்லலைப்பா, காது வலிச்சுது" என்றான்.

தோல்ஷாப்:
சார், அந்தக் கோட்டை வைத்திருங்கள். அடுத்த வருடம் எங்கள் வீட்டுப் பையன் மூன்றாம் வகுப்பு.